பாதி மேஸ்திரியின் முழு உத்தரவாதம்

உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் இன்றுவரை எந்தப் பொருளையும் செய்து முடித்ததில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, மீதியைச் செய்வதற்காக அதனை நாமக்கல்லுக்கு அனுப்பி வைக்கிறது. இந்தப் பேருண்மையை அறிந்திருந்தவர் இந்நிலவுலகில் ஒரே ஒருவர். அவர் திருச்செங்கோட்டுச் சாலையில், ஓலை வேய்ந்த ஒரு பட்டறையில், கரி படிந்த அரைக்காற்சட்டையோடு வீற்றிருந்தார். ஊர் அவரைப் ‘பாதி மேஸ்திரி’ என்று அழைத்தது. பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதுவும் பெற்றோர் பாதியில் விட்ட வேலை என்று கருதி அவரே கழற்றி எறிந்துவிட்டாரோ என்னவோ, யாருக்கும் தெரியாது.

இந்த ஞானம் அவருக்கு வானத்திலிருந்து இறங்கியதன்று. ஐம்பதுகளில் எங்கள் ஊருக்குப் புது லாரி வந்து சேர்ந்த கோலத்தைக் கண்டவர்கள் அவரை எளிதில் நகைக்கமாட்டார்கள். கம்பெனியிலிருந்து வருவது லாரியன்று, எலும்புக்கூடு. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், முன்னால் ஓர் எஞ்சின், அடியில் சக்கரங்கள், ஓட்டுநர் அமர்வதற்கு ஒரு கள்ளிப்பெட்டி. கதவில்லை, கூரையில்லை, எதிர்க்காற்றைத் தடுக்கக் கண்ணாடியில்லை. தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல்களை அப்பெட்டியின் மேல் அமர்ந்தே கடந்துவரும் ஓட்டுநர், பட்டறை வாசலில் இறங்கும்போது செம்மண் பொம்மையாகக் காட்சி தருவார். பிறகு எங்கள் ஊர்த் தச்சரும் கொல்லரும் வண்ணம் தீட்டுவோரும் கூடி அந்த எலும்புக்கூட்டுக்கு உடம்பு கட்டுவார்கள். ‘பாடி கட்டுதல்’ என்று அதற்குப் பெயர். ஆண்டுக்கணக்கில் இந்தத் தொழிலைச் செய்த மனிதர், “கம்பெனிக்காரன் பாதி, நாம மீதி” என்னும் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. அந்த முடிவை அவர் லாரியோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதில்தான் எங்கள் துன்பம் தொடங்கிற்று.

நான் அப்போது அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். புதிதாக வாங்கிய மிதிவண்டிக்குக் காற்றடிப்பதற்காக, அறியாமையால், அவருடைய பட்டறை வாசலில் ஒருநாள் இறங்கினேன். மேஸ்திரி என் மிதிவண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிணியாளனைக் கண்ட மருத்துவர்போல் முகம் வாடினார்.

“வாத்தியாரய்யா, இது எப்ப எடுத்ததுங்க?”

“நேற்றுத்தான்.”

“அதானே பாத்தன். இன்னும் பாதீலயே நிக்குது பாருங்க. உட்டுட்டுப் போங்க, பொழுதோட முடிச்சுத் தாரனுங்க.”

காற்றடிக்கப் போனவன் நடந்து வீடு திரும்பினேன். மாலையில் எனக்குக் கிடைத்த பொருளை மிதிவண்டி என்று சொல்வது அதன் தகுதிக்குக் குறைவு. பின்னிருக்கை, இரண்டு நெல்மூட்டைகளைத் தாங்கத்தக்க இரும்புச் சட்டமாக உயர்ந்திருந்தது. முன்புறம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. சேற்றுத் தகட்டின் பின்னே, மஞ்சள் வண்ணத்தில், ‘ஒலி எழுப்புக’ என்றிருந்தது. அதன் பிறகு நான் அதில் ஏறிச் சென்றதைவிட அதைத் தள்ளிச் சென்றதே மிகுதி. ஒருமுறை அது மாட்டுவண்டி ஒன்றோடு மோதிற்று. பழுதானது மாட்டுவண்டிதான்.

இப்படிப்பட்டவரின் கையில் ஒரு புதுக் கார் சிக்கினால் என்ன ஆகும்? (தூய தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. நானும் அதனை ‘மகிழுந்து’ என்றே எழுத விரும்புவேன். மேஸ்திரியின் பட்டறையிலிருந்து வெளிவந்த பின் அதில் ஏறிய எவரும் மகிழ்ந்ததாகச் சான்று இல்லாமையால் ‘கார்’ என்றே குறிக்கிறேன்.)

அக்கார் மருத்துவர் பிலோமினா அம்மையாருடையது. சேலத்துக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் ஊரில் பேறுகாலம் பார்த்து வந்தவர். சேந்தமங்கலம், புதுச்சத்திரம், வெண்ணந்தூர் என்று எந்தத் திசையிலிருந்து ஆள் ஓடி வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கட்டைவண்டியில் ஏறிவிடுவார். கட்டைவண்டிக்கு அவசரம் தெரியாது. சேந்தமங்கலத்துக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, தாயும் சேயும் அடங்கி ஒரு நாழிகை ஆகியிருந்தது. மறுநாள் அம்மையார் ஒரு காருக்குப் பெயரைப் பதிவு செய்தார். அக்காலத்தில் காருக்குப் பதிந்தவர்கள் பேரன் பிறந்த பிறகு அதில் ஏறுவது வழக்கம். அம்மையாருக்குப் பேறு இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் கார் வந்துவிட்டது.

கறுத்துப் பளபளத்த அந்தக் காரோடு ஒரு சிறு புத்தகமும் வந்தது. ஓராண்டுக்குள் வண்டியின் எந்த உறுப்பு கெட்டாலும் கம்பெனி தானே புதிது மாற்றித் தரும். ஆனால், கம்பெனியின் அசல் உதிரிபாகமல்லாத எதனையேனும் வண்டியில் பொருத்தியிருந்தால் அவ்வுறுதி செல்லாது. இதுதான் அதன் சாரம். அம்மையார் அப்புத்தகத்தை விவிலியத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

கார் வந்த இரண்டாம் வாரம் அவர் தமக்கை மகளின் திருமணத்துக்காகச் சேலம் போக வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் புது வண்டியை ஓட்ட அவருக்கு மனமில்லை. வீட்டில் கொட்டகை இல்லை, வெயிலோ கடுமை. “நிழல்ல நிறுத்தி மட்டும் வைங்க மேஸ்திரி” என்று சொல்லிக் காரைப் பட்டறையில் விட்டுச் சென்றார். ஐந்து நாள்.

ஆறாம் நாள் காலை நானும் அங்கிருந்தேன். அம்மையார் பட்டறைக்குள் நுழைந்து, நாற்புறமும் நோக்கி, தம் காரைத் தாண்டிச் சென்று தேடினார்.

“மேஸ்திரி, என் கார் எங்கே?”

“இதாங்க அம்மணி, முன்னாலயே நிக்குதுங்களே.”

அம்மையார் அதனை ஒருமுறை சுற்றி வந்தார்.

“இதுல கயிறு கட்டற கொக்கியெல்லாம் இருக்கே?”

“தார்ப்பாய் கட்டோணுமில்லீங்க?”

“காருக்கு எதுக்குத் தார்ப்பாய்?”

“மழை பேஞ்சா?”

“மேலே கூரை இருக்கு மேஸ்திரி!”

“அது கம்பெனிக்காரன் போட்ட கூரைங்க” என்றார் அவர், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்பதுபோல.

கொக்கிகள் தொடக்கமே. காரின் பின்புறத்தைத் தாங்கும் வில்பட்டைகளை முழுதும் கழற்றி, லாரிப் பட்டையை வெட்டிப் பொருத்தியிருந்தார். எஞ்சினின் விசிறியைச் சுழற்றும் பட்டை, அரிசி ஆலையின் தோல்வாரிலிருந்து பிறந்திருந்தது. தண்ணீர்க் குழாய் ஏதோ ஒரு கிணற்றுப் பம்பின் வாரிசு. கியரை மாற்றும் கோலின் தலையில் இருந்த உருண்டை போய், வேப்பமரத்துக் குமிழ் ஒன்று வந்திருந்தது. கம்பெனியின் ஒலிப்பான் இருந்த இடத்தில் லாரியின் ஊதல். அதனை ஒருமுறை அழுத்திக் காட்டினார். எதிர்ச்சாரியில் உறங்கிக்கொண்டிருந்த கழுதை எழுந்து நின்றது. இத்தனைக்கும் மேலாக, அவர் செய்த ஒவ்வொரு பாகத்திலும் ஓர் ஓரத்தில் பாதி நிலாவைப் போன்ற சிறு முத்திரையை உளியால் பதித்திருந்தார். மீதி வேலையை முடித்தவரின் கையொப்பமாம் அது.

“கேரண்டி போயிருமே மேஸ்திரி! ஒரு வருஷ கேரண்டி!”

“என்னங்க பெரிய கேரண்டி? தான் செஞ்ச சாமான் மேல அவனுக்கே ஒரு வருசத்துக்குத்தான் நம்பிக்கை. அதையப் புஸ்தகம் போட்டு வேற ஊருக்கெல்லாம் சொல்றான். நானா இருந்தா வெக்கப்பட்டு மூடி வெச்சுக்குவனுங்க.”

அடுத்து அவர் கியர்ப் பெட்டியின் பக்கம் குனிந்தார். அம்மையார் பாய்ந்து குறுக்கே நின்று, “அதுல மட்டும் கை வைச்சீங்க, உங்களுக்கு நான் ஊசி போட்டுருவேன்” என்றார். லாரிக்கு அஞ்சாத மேஸ்திரி ஊசிக்கு அஞ்சுவார். கியர்ப் பெட்டி மட்டும் தப்பிற்று.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: கார் ஓடிற்று. வண்டல் சேற்றில் சிக்கவில்லை, கல்மேட்டில் முனகவில்லை. அம்மையார் தாமே ஓட்டிக்கொண்டு, முன்பு நான்கு மணி நேரம் பிடித்த ஊருக்கு முக்கால் மணியில் போய்ச் சேர்ந்தார். லாரிப் பட்டையின் உபயத்தால் உள்ளிருப்போர் அவ்வப்போது கூரையைத் தலையால் தொட்டுத் திரும்பினர் என்பது வேறு செய்தி. பேறுகாலம் தள்ளிப்போன பெண்களை அக்காரில் ஏற்றி மோகனூர்ச் சாலையில் இரண்டு மைல் அழைத்துச் சென்றால் மருந்து தேவைப்படாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மருத்துவ நூல்கள் இதை ஏற்கமாட்டா. ஆனால் அதன் பின்னிருக்கையில் பிறந்த மூன்று குழந்தைகளை நான் அறிவேன்.

பத்தாம் மாதத்தில் கார் நின்றது. உடைந்தது எது தெரியுமா? கியர்ப் பெட்டி. அந்த வண்டியின் உயிருறுப்புகளில் மேஸ்திரியின் கை படாத ஒன்றே ஒன்று. அன்று அவர் முகத்தில் நான் கண்ட பேரொளியை, பின்னாளில் எந்தக் கோயில் திருவிழாவிலும் காணவில்லை.

“பாத்தீங்களா அம்மணி? நான் தொட்டதெல்லாம் ஓடுது. தொடாதது ஒண்ணு, அதுதான் போச்சு.”

அம்மையாருக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி புதுக் கியர்ப் பெட்டி தந்தால் பத்தே நாளில் கார் ஓடும். உத்தரவாதம் செல்லாது என்றுவிட்டாலோ, உதிரிபாகத்துக்கு மனுப் போட்டு, வரிசையில் நின்று, எட்டு மாதமோ பத்து மாதமோ காத்திருக்க வேண்டும். அதுவரை மீண்டும் கட்டைவண்டி. அவருடைய குறிப்பேட்டில், அடுத்த இரண்டு மாதங்களுக்குள் பேறுகாலம் நெருங்கியிருந்த பெண்களின் பெயர்கள் ஒரு பக்கம் முழுவதும் இருந்தன. அந்தப் பக்கத்தை அவர் மேஸ்திரியின் முன் விரித்துக் காட்டினார். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் எத்தனை வரிகள் என்று எண்ணத் தெரியும். தலையைச் சொறிந்துகொண்டார்.

கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. வியாழனன்று பொறியாளர் ஒருவர் நேரில் வந்து வண்டியைச் சோதிப்பார் என்று மறுமொழி வந்தது. இருந்தது மூன்று நாள்.

“கழட்டுன கம்பெனி சாமானெல்லாம் எங்கே மேஸ்திரி?” என்று கேட்டார் அம்மையார்.

“ஊருக்குள்ளதானுங்க இருக்குது” என்றார் மேஸ்திரி. சொன்ன தொனியில் ஒரு கொடை வள்ளலின் அடக்கம் இருந்தது.

என்னையும் சேர்த்துக்கொண்டு மூவரும் புறப்பட்டோம். சக்கரங்களின் வெள்ளி மூடிகள் நான்கும் பேருந்து நிலையத்தருகே பாய் ஒருவரின் தேநீர்க் கடையில் வடைத் தட்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தன. “மேஸ்திரி குடுத்த சீருங்க இது, வெள்ளித் தட்டுல வடை குடுக்கற கடை இந்த ஜில்லாவுலயே நம்மளுதுதான்” என்று பாய் கண் கலங்கினார். பின்புறம் பார்க்கும் கண்ணாடி, முடிதிருத்தும் கடையில், வாடிக்கையாளருக்குப் பிடரியைக் காட்டும் பணியில் இருந்தது. “இதையும் வாங்கிட்டுப் போயிட்டா, பின்னால எப்படி வெட்டியிருக்கறன்னு நான் எப்படிங்க காட்டறது?” என்றார் கடைக்காரர். அவர் வெட்டியிருந்த அழகுக்குக் காட்டாதிருத்தலே நலம் என்று நான் எண்ணிக்கொண்டேன். விசிறிப் பட்டை ஓர் எருமையின் கழுத்தில், மணி கோத்துத் தொங்கிற்று. ஒலிப்பானும் தண்ணீர்க் குழாயும் இப்படியே வேறு வேறு வீடுகளில் கிடைத்தன.

“இன்னும் பாக்கி இருக்கு. கியர்க் கோல் உருண்டை” என்றார் அம்மையார்.

மேஸ்திரி என்னை நோக்கினார். நான் அவரை நோக்கினேன்.

பொங்கலன்று அவர் எனக்கு அன்பளிப்பாகத் தந்த கருநிற உருண்டை ஒன்று இரண்டு திங்களாக என் மேசையில் தாள்கள் பறக்காமல் காத்துவந்தது. காவிரி உருட்டிய கல்லோ, முற்றிய மரத்தின் வைரமோ என்று ஆராய்ந்து, வந்தவர்க்கெல்லாம் அதன் தொன்மையை விளக்கியிருந்தேன். என் தலைமையாசிரியர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் உண்டு. அதனை எடுத்து வந்து அம்மையாரிடம் ஒப்படைத்தேன்.

எல்லாம் கிடைத்தன, ஒன்றைத் தவிர. கம்பெனியின் வில்பட்டைகளை மேஸ்திரி உலையில் இட்டு அரிவாள்களாக அடித்துவிட்டிருந்தார். அவை அப்போது நாற்புறத்து வயல்களிலும் நெல் அறுத்துக்கொண்டிருந்தன.

“அதனால ஒண்ணும் போச்சாதுங்க. கம்பெனிக்காரன் பட்டை மாதிரியே, அதே அளவுக்கு, அதே மெலிசுல நானே அடிச்சுப் போடறன்” என்றார் மேஸ்திரி.

“அப்படியே இருக்கணும். உங்க நிலாவைப் போடக் கூடாது.”

“அதெப்படிங்க? கையெழுத்துப் போடாம நான் எந்தச் சாமானையும் வெளிய உட்டதில்லீங்களே.”

நெடிய பேச்சுக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. முத்திரை இருக்கும், ஆனால் பட்டையின் அடிப்பக்கத்தில், யாரும் காணாதபடி. அம்மையாருக்கோ மனச்சான்றுத் தொல்லை. “கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். கேக்காட்டி வாயைத் திறக்கமாட்டேன். கேக்காம இருக்கணும்னு ஜெபம் பண்ணிக்கறேன்” என்றார். மேஸ்திரியின் வாயைப் பற்றித்தான் கவலை. அதற்கு வழி கண்டவன் நான். பொறியாளர் வந்து போகும்வரை மேஸ்திரியின் வாயில் வெற்றிலை இருக்க வேண்டும். ஒன்றிரண்டன்று, கன்னம் புடைக்கும் அளவுக்கு.

வியாழன் முற்பகல் பொறியாளர் வந்தார். இளைஞர், அந்தப் பங்குனி வெயிலிலும் கழுத்துப் பட்டை கட்டியிருந்தார். கைகளில் வெள்ளைக் கையுறை. மேஸ்திரி ஒரு கவுளி வெற்றிலையை, கட்டு முழுவதையும், வாயில் அடக்கிக்கொண்டு, இரு கன்னமும் வீங்கி, பல்வலிக்காரர்போல் மூலையில் நின்றார்.

பொறியாளர் ஒரு பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சக்கர மூடியை மோந்து பார்த்தார். பாய் கடையின் மணம் அதில் எஞ்சியிருந்தது. ஆனால் மணத்துக்குப் பட்டியலில் இடமில்லை. விசிறிப் பட்டையிலிருந்து ஓர் எருமை மயிரை எடுத்து வெளியே போட்டார். கியர்ப் பெட்டியைத் திறந்து, “இது எங்க தப்புதாம்மா. பல்லுல வார்ப்புக் குறை இருக்கு” என்றார். அம்மையாரின் முகம் மலர்ந்தது.

பின்னர்ப் பொறியாளர் பட்டறையைச் சுற்றிப் பார்த்து, “இந்த மாதிரி ஓலைக் கொட்டாய்ல எல்லாம் வண்டியை நிறுத்தாதீங்க. இவங்களுக்குச் சுத்தியலைத் தவிர வேற என்ன தெரியும்?” என்றார். மேஸ்திரி மென்றார். “எஞ்சினையே தேங்கா மாதிரி உடைப்பாங்க” என்றார். மேஸ்திரி மென்றார். அவருடைய பொறுமையைக் கண்டு எனக்கே அவர்பால் மதிப்பு உண்டாயிற்று.

பொறியாளர் பேனாவைத் திறந்தார். புத்தகத்தில் ஒப்பமிடக் குனிந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு காரின் பின்புறம் சென்று, வண்டியின் மேல் கை வைத்து அழுத்தினார். கார் தாழ்ந்து, எழுந்து, நின்றது. மீண்டும் அழுத்தினார். அவர் முகத்தில் ஒரு பெருமிதம் பரவிற்று.

“பாத்தீங்களாம்மா? பத்து மாசம் இந்த ரோட்டுல ஓடியும் ஸ்பிரிங் பட்டை புதுசு மாதிரி நிக்குது. இரும்பை இப்படிப் பதம் பண்ண இந்தத் தேசத்துல எங்க கம்பெனியைத் தவிர வேற ஒருத்தனாலயும் முடியாது.”

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

நான் மேஸ்திரியின் கையைப் பற்றினேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு, சுவரோரம் போய், ஒரு கவுளி வெற்றிலையையும் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அம்மையார் கண்களை மூடிச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

“ஏனுங்க சாமி, அந்தப் பட்டை நான் அடிச்சதுங்க.”

“என்னது?”

“முந்தாநேத்துதானுங்க அடிச்சன். அடியில கையை உட்டுத் தடவிப் பாருங்க, பாதி நெலா இருக்கும். உங்க பட்டை அறுவாளாப் போயிருச்சுங்க. நல்ல அறுவாளுதான், குத்தஞ் சொல்லக் கூடாது.”

அணை உடைந்தது. தோல்வார் விசிறிப் பட்டை, கிணற்றுக் குழாய், வேப்பங்குமிழ் என்று பத்து மாத வரலாற்றையும் அவர் ஒன்று விடாமல் எடுத்துரைத்தார். இடையிடையே, மூலையில் சாக்கின் அடியில் மறைத்து வைத்திருந்த தம் படைப்புகளைத் தாமே எடுத்து வந்து பொறியாளரின் வெள்ளை உறைக் கைகளில் வைத்தார். பொறியாளர் சிவப்பு மையால் புத்தகத்தின் குறுக்கே ‘செல்லாது’ என்று எழுதினார். கரி படிந்த ஒரு கையுறையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுச் சேலத்துப் பேருந்தைப் பிடிக்கப் போனார்.

அம்மையார் புத்தகத்தை மூடினார்.

“ஒரு நிமிஷம் மேஸ்திரி. இன்னும் ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?”

“வைஞ்சிருந்தா பொறுத்திருப்பனுங்க அம்மணி. சாயங்காலம்முட்டும் வைஞ்சிருந்தாலும் பொறுத்திருப்பன். மெச்சிப்போட்டானுங்களே!”

அம்மையார் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அன்று பிற்பகலே மேஸ்திரி சாலையின் நடுவில் நின்றார். அவ்வழியே சென்ற லாரிகளில் அவர் ‘மீதி’ செய்யாதது அரிது. ஆகவே நிற்காத லாரி இல்லை. எந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தாலும், அத்திசையில் செல்லும் முதல் லாரி அம்மையாரின் வாசலுக்கு வர வேண்டும் என்பது ஆணை. அடுத்த பன்னிரண்டு நாளும் அம்மையார் மரவள்ளிக் கிழங்கோடும் கோழிக்கூண்டுகளோடும் நூல் சிப்பங்களோடும் பயணம் செய்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வெண்ணந்தூரில் ஒரு வீட்டார், மருத்துவர் வருவார் என்று வாசலில் காத்திருந்து, வைக்கோற் போர் ஒன்று பையோடு இறங்குவதைக் கண்டு திகைத்தார்களாம். மேஸ்திரியோ பட்டறையை விட்டு அசையவில்லை. லாரியின் அச்சிரும்பை வெட்டி, அரத்தால் ஒவ்வொரு பல்லாக அராவி, கியர்ச் சக்கரத்தைத் தாமே செய்தார். பதின்மூன்றாம் நாள் காரைத் தள்ளாமலே அம்மையாரின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டாம் கியரில் அது சிறிது கனைக்கும். மற்றபடி குறையில்லை.

அன்றே, சிவப்பு மை பட்ட அந்தப் புத்தகத்தோடு இருவரும் என் வீட்டுக்கு வந்தனர்.

“வாத்தியாரய்யா, கம்பெனிக்காரன் கேரண்டியை அடிச்சுப் போட்டானல்லங்க? பின்னாடி தாளு சும்மாதான் இருக்குது. அதுல என்ர கேரண்டியை எழுதுங்க.”

“எவ்வளவு காலத்துக்கு என்று எழுத?”

“அவன் ஒரு வருசம். நான் உசுரு இருக்கறமுட்டும்.”

எழுதினேன்: ‘இக்காரின் எவ்வுறுப்பு எந்நாளில் பழுதுறினும், இதன்கீழ் முத்திரையிட்டுள்ள நான், என் உயிர் உள்ளளவும், அதனை மாற்றித் தருவேன்.’ படித்துக் காட்டினேன்.

“ஏனுங்க, ‘பழுதுறினும்’னா என்னங்க?”

“கெட்டுப்போனாலும் என்று பொருள்.”

“அப்ப கெட்டுப்போனாலும்னே எழுதிப் போடுங்க. வண்டி ரோட்டுல கெட்டு நிக்கையில அர்த்தம் கேக்க உங்க ஊட்டுக்கா வர முடியும்?”

திருத்தினேன். “இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. கம்பெனிக்காரன் போட்டிருந்தானல்ல, அதே மாதிரி” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய விதி இது: ‘கம்பெனியின் அசல் உதிரிபாகம் எதையாவது இதில் மாட்டினால் இந்த உத்தரவாதம் அக்கணமே செல்லாது.’ பின்னர்க் காற்சட்டைப் பையிலிருந்து தம் பிறை உளியை எடுத்துத் தாளின்மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். முத்திரை மூன்று தாள்களைத் துளைத்துக்கொண்டு என் மேசையில் இறங்கிற்று.

அவ்விதியை அம்மையார் விளையாட்டாகக் கொள்ளவில்லை என்பதைப் பின்னால் அறிந்தேன். ஒருமுறை திருச்சியில் விசிறிப் பட்டை அறுந்துபோய், அங்கொருவர் கம்பெனிப் பட்டையை மாட்டி அனுப்பிவிட்டார். ஊர் எல்லைப் புளியமரத்தடியில் காரை நிறுத்தி, அதனைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துவிட்டு, அறுந்ததைக் கையில் பிடித்தபடி மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார் அந்த அம்மையார். கம்பெனிக்கு அஞ்சி மேஸ்திரியின் பாகத்தை ஒளித்தவர், மேஸ்திரிக்கு அஞ்சிக் கம்பெனியின் பாகத்தை ஒளித்தார்.

அறுபதுகள் முடியும் தறுவாயில், ஒரு நண்பகலில், எலும்புக்கூடாக வந்திருந்த ஒரு புது லாரியின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரி எழுந்து வரவில்லை. அவ்வேலை பாதியில் நின்றது.

அடுத்த திங்கள் அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். கையில் கம்பெனியின் அட்டைப்பெட்டி. உள்ளே கிளட்சுத் தட்டு. பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. மற்றொரு கையில் அந்தப் பழைய புத்தகம்.

“ஐயா, இதை எழுதினது நீங்கதானே. நல்லாப் படிச்சுச் சொல்லுங்க. வண்டி நின்னு நாலு நாளாச்சு. புதுச்சத்திரத்துல ஒரு பொண்ணுக்கு இந்த வாரம். வேற வழியில்ல. இதை மாட்டினா… மேஸ்திரியோட கேரண்டி போயிருமா?”

புத்தகத்தை வாங்கி விரித்தேன். ஐயத்துக்கே இடமில்லாதபடி என் கையெழுத்திலேயே இருந்தது. உயிர் உள்ளளவும் என்றால் உயிர் உள்ளளவும்தான். அசல் பாகம் மாட்டினால் செல்லாது என்றால் செல்லாதுதான். இரண்டு வகையிலும் அது முடிந்துபோன பத்திரம். அதுவரை என் ஆசிரியப் பணியில் எந்த வரிக்கும் பிழையான பொருள் சொன்னதில்லை என்னும் செருக்கு எனக்கு இருந்தது. மேசையில் பதிந்திருந்த அந்தப் பாதி நிலாவின் மேல் என் விரல் தானாகவே போய் நின்றது.

“தாராளமாக மாட்டுங்கள் அம்மா” என்றேன். “உத்தரவாதம் அப்படியேதான் இருக்கிறது.”